தொடக்கப் பள்ளியில் உணவுப் பாடம்

உணவைப் பற்றிச் சிறுவர்க்குக் கற்பித்தல் புதுமையானதொரு முயற்சியெனச் சிலர் கருதுவர். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை எடுத்து நோக்குவோமாயின், பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையையே உரைத்தல் காண்போம். அவ்வதிகாரத்தை மனப்பாடஞ் செய்விப்பார் பலர். கலத்திலுள்ள சோற்றோடு பொருத்திக் காட்டுவார் மிகச் சிலரே.

தமிழ்நாட்டிலோ இப்பாடத்திற்கு வேண்டிய கருவி நாள்தோறும் பள்ளிக்கே வந்து சேர்கின்றது. 1920-ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியிலே தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராசர் காலத்தில் நாட்டுப்புறங்கட்கும் பரவி, 1982-இற் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 முதற் காலையுணவும் உண்டு. சோறும் பருப்புக் குழம்பும் முட்டையும் பிள்ளைகள் கண்முன் இருக்க, கரும்பலகையில் எங்கோ விளையும் ஆப்பிளை எழுதிக் காட்டுவானேன்?

சோற்றிலிருந்தே தொடங்கலாம். நெல்லைத் தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கும். தவிட்டோடு 'வைட்டமின் பி1' என்னும் உயிர்ச்சத்தும் நீங்கும். அது மிகக் குறைந்தால் பெரிபெரி நோய் தோன்றும். சாவகத் தீவிலிருந்த ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றபின் அவை தேறுவதையும் கண்டார். 1929-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் நீலகிரிக் குன்னூரிலே மெக்காரிசன் என்பார் இந்தியப் பகுதிகள் பலவற்றின் உணவை எலிகட்கு ஊட்டி ஆராய்ந்தபோது, கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்டவை செழித்தன. சென்னை மாகாணத்து அரிசியுணவு உண்டவை பின்தங்கின. இதுகேட்டு நாம் நாணவேண்டுவதில்லை. நெல்லைப் புழுக்கும் நம் பழவழக்கம் அவ்வுயிர்ச்சத்தில் ஒரு பங்கை அரிசிக்குள்ளே செலுத்திக் காக்கின்றதன்றோ!

எட்டு வயதுப் பிள்ளைக்கு உயிர்ச்சத்துகளின் பெயரடுக்கு வேண்டா. கோழிக் கதையைச் சொல்லி, கைக்குத்தலரிசியில் ஒரு பிடியும் வெள்ளரிசியில் ஒரு பிடியும் கொடுத்து ஒப்பிடச் செய்தால் அமையும். அவ்வாறே, கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதிற் சேர்வதில்லை. நெல்லிக்காயோ எலுமிச்சஞ்சாறோ துணைசெய்தால் மிகுதியாய்ச் சேரும். உணவோடு தேநீர் பருகினாற் குறையும். குருதிச் சோகை மிக்க நம் நாட்டில், ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதனை வீட்டிற் சென்று தாய்க்குச் சொல்லுதல் சிறு பயனன்று.

இங்கே ஆசிரியர் அஞ்சி நடக்கவேண்டிய இடமொன்றுண்டு. 'நேற்றிரவு நீ என்ன உண்டாய்?' என்று வகுப்பில் ஒவ்வொருவராய் எழுப்பி வினவுதலைப் பாடமுறை என்கின்றனர். இரவில் ஒன்றும் உண்ணாத பிள்ளை என் சொல்லும்? அது பொய் சொல்லும், அன்றேல் தலைகுனியும். பாலும் பழமும் உண்க என்னும் அறிவுரையும் அப்பிள்ளைக்குத் தன் வறுமையைக் குற்றமாகக் காட்டுவதே. ஆதலின், பள்ளிக் கலத்தில் எல்லார்க்கும் ஒன்றாய் இட்ட உணவைப் பற்றியே பேசுதல் நன்று; விலைகொடுத்து வாங்கவியலாத பண்டத்தைப் பாராட்டாமை அதனினும் நன்று.

விலையில்லாதன பல உள. முருங்கைக் கொம்பொன்றை நட்டு நீர் வார்த்தாற் போதும். தண்டுக்கீரை விதைத்த நான்கு கிழமைக்குள் பறிக்கலாம். பாத்தி கட்டுதலை ஆசிரியர் கற்பிப்பாராயின், மற்றதைச் சத்துணவுக் கூடத்துச் சமையலம்மாவிடம் விடலாமென்பது எம் கருத்து. கீரையை அரிந்தபின் கழுவாது அரியுமுன் கழுவுதல் ஏன் என்பதை, அவர் அரிவாள்மணையின் முன் அமர்ந்து அரைநாழிகையிற் காட்டிவிடுவார்.