விண்டோஸ் 98-ல் பென் டிரைவ் ஓடுமா?



நம் கணினி அறையின் கடைசி மூலையில் துணி போட்டு மூடிய ஒரு கணினி இருக்கிறதல்லவா? "அது செத்துப்போச்சு" என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது உயிரோடுதான் இருக்கிறது! சுவிட்சைப் போட்டால் கொர்ர் என்று சத்தம் போட்டு, நீல வானமும் வெள்ளை மேகமுமாக விண்டோஸ் 98 திறக்கும்.

அரையாண்டு விடுமுறையில் பழைய சாமான்களோடு அதையும் ஏலத்தில் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சும்மா சொன்னேன். தேயிலை பறித்துவிட்டு வந்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்த அம்மா திடுக்கென்று நிமிர்ந்து, "அதுலதான கண்ணு நாங்க அளந்த மழைக் கணக்கு இருக்குது!" என்றார்.

1999 முதல் 2006 வரை நம் பள்ளி இயற்கை மன்றத்து மாணவர்கள் தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து மில்லிமீட்டரில் எழுதி வைத்தார்களாம். அம்மாவும் இங்கேதான் படித்தவர். அந்த நோட்டுகள் நம்ம ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்துப் போய்விட்டன. அப்போது இருந்த ஓர் ஆசிரியர் கணினியில் ஏற்றி வைத்தது மட்டும்தான் மிச்சம். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் மழைக் கணக்கை ஏலத்தில் விடலாமா?

மறுநாள் கணினி சாரிடம் ஓடினேன். திறந்து பார்த்தால் கோப்பு பத்திரமாக இருந்தது. ஆனால் வெளியே எடுப்பது எப்படி? ஃபிளாப்பி டிரைவ் கெட்டுவிட்டது. சி.டி. டிரைவ் படிக்கும், எழுதாது. இணையமும் கிடையாது. பின்பக்கம் இரண்டு யூ.எஸ்.பி. துளைகள் மட்டும் இருந்தன. என் பென் டிரைவைச் செருகினேன். அதில் விளக்கு எரிந்தது. ஆனால் திரையில் "இந்தச் சாதனத்துக்கு டிரைவர் எங்கே?" என்று கேட்டு நின்றுவிட்டது.

விளக்கு எரிந்தும் ஏன் ஓடவில்லை?

"ஏனுங்க சார், லைட் எரியுதே?" என்று கேட்டேன். சார் சொன்ன விளக்கம் இது. யூ.எஸ்.பி. வயரில் 5 வோல்ட் மின்சாரம் போகிறது. அதனால் விளக்கு எரியும். மின்சாரம் போவது வேறு, பேச்சு புரிவது வேறு. ஒரு சாதனம் பேசுவதைக் கணினிக்குப் புரிய வைக்கும் மென்பொருள்தான் டிரைவர்.

விண்டோஸ் 98 வெளிவந்தது 1998 ஜூனில். அதன் இரண்டாம் பதிப்பு 1999-ல் வந்தது. யூ.எஸ்.பி. மவுஸ், கீபோர்டு ஆகியவற்றுக்கான டிரைவர் அதிலேயே உண்டு. ஆனால் பென் டிரைவ் கடைக்கு வந்ததே 2000-ல்தான்! தனக்குப் பின்னால் பிறந்தவரை அதற்கு எப்படித் தெரியும்? 2000-ல் வந்த விண்டோஸ் மி, விண்டோஸ் 2000 ஆகியவற்றில்தான் இந்த டிரைவர் உள்ளேயே சேர்ந்து வந்தது. அந்தக் காலத்தில் பென் டிரைவ் வாங்கினால் 98-க்கான டிரைவரைத் தனியாகக் கொடுப்பார்கள்.

பூட்டும் சாவியும்

இதற்கு ஒரு வழி உண்டு. பின்னால் வந்த டிரைவர்களை 98-க்குப் பொருந்தும்படி ஆர்வலர்கள் கட்டி வைத்த 'என்.யூ.எஸ்.பி.' என்ற தொகுப்பு. எந்தக் கம்பெனி பென் டிரைவ் என்றாலும் இது ஒன்றே போதும். இது மைக்ரோசாஃப்ட் கொடுத்தது அல்ல. ஆகவே சார் அதை வேறு கணினியில் இறக்கி, வைரஸ் இருக்கிறதா என்று சோதித்த பிறகே கையில் கொடுத்தார்.

ஆனால் இதை 98-க்குள் கொண்டுபோவது எப்படி? பென் டிரைவில் கொண்டுபோகலாம் என்றால் பென் டிரைவ்தான் ஓடவில்லையே! வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாம். ஆனால் அதன் பழைய ஐ.டி.இ. இணைப்புக்கு ஓர் அடாப்டர் வேண்டும். அதற்காக 40 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சி போக வேண்டும். கழற்றும்போது அந்தக் கிழட்டு டிஸ்க் போய்விட்டால் என்ன செய்வது என்று சார் பயந்தார்.

கடைசியில் சி.டி.தான் கைகொடுத்தது. பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாவிடம் சி.டி. எழுதும் டிரைவ் இன்னும் இருந்தது. "இப்பெல்லாம் யாரு தம்பி சி.டி. கேக்கறாங்க?" என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நாங்கள் செய்த முறை

1. 'மை கம்ப்யூட்டர்' மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்க்கவும். 4.10.2222 ஏ என்று இருந்தால் இரண்டாம் பதிப்பு. என்.யூ.எஸ்.பி. அதற்குத்தான். 4.10.1998 என்றால் முதல் பதிப்பு, அதில் போடக்கூடாது.

2. பென் டிரைவைக் கழற்றி வைக்கவும். கணினியை 'சேஃப் மோடில்' திறந்து, 'டிவைஸ் மேனேஜரில்' பழைய யூ.எஸ்.பி. பதிவுகளையும், கேள்விக்குறி போட்ட தெரியாத சாதனங்களையும் நீக்கவும். நான் முதல் தடவை இதைச் செய்யாமல் விட்டேன். அரை நாள் வீண்!

3. வழக்கம்போல் மறுபடி திறந்து, சி.டி.யிலிருந்து தொகுப்பை நிறுவவும். நடுவில் விண்டோஸ் 98 சி.டி.யைக் கேட்டால் பதற வேண்டாம். பல கணினிகளில் அந்தக் கோப்புகள் சி டிரைவிலேயே விண்டோஸ், ஆப்ஷன்ஸ், கேப்ஸ் என்ற ஃபோல்டர்களுக்குள் இருக்கும். அந்த இடத்தைக் காட்டினால் போதும்.

4. கணினியை அணைத்து மறுபடி போட்டு, பிறகு பென் டிரைவைச் செருகவும்.

இன்னொரு தடங்கல்

இவ்வளவு செய்தும் என் 64 ஜி.பி. பென் டிரைவ் திறக்கவில்லை. அழுகையே வந்துவிட்டது. சார்தான் காரணம் கண்டுபிடித்தார். பென் டிரைவுக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்குப் பெயர் உண்டு. ஃபேட்16, ஃபேட்32 என்ற முறைகள் 98-க்குத் தெரியும். எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ். இரண்டும் தெரியாது. இப்போது வரும் பெரிய பென் டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட். சார் தன் மேசையிலிருந்து ஒரு பழைய 2 ஜி.பி. பென் டிரைவைத் தேடி எடுத்து, வேறு கணினியில் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து கொடுத்தார். (ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை!)

செருகினேன். 'மை கம்ப்யூட்டரில்' புதிதாக ஒரு டிரைவ் வந்தது! நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

வேகம் எவ்வளவு?

பழைய யூ.எஸ்.பி. 1.1-ன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் 1.5 மெகாபைட். நடைமுறையில் சுமார் 1 மெகாபைட்தான். ஒரு சினிமாவுக்கு இது ஆமை வேகம். 8 வருட மழைக் கணக்கு ஒரு மெகாபைட்கூட இல்லை, கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. ஆனாலும் உடனே பிடுங்கக்கூடாது. கணினி சில சமயம் கடைசிப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதும். திரையின் கீழ் மூலையில் உள்ள குறியை அழுத்தி நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கோப்பை மட்டும் எடுத்தால் போதாது, எழுத்துருவையும் எடுக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 'மழை' என்பது ஏதோ ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். சார் இதை முன்கூட்டியே சொன்னதால் தப்பித்தோம்.

உங்களுக்குத் தெரியுமா?

* யூ.எஸ்.பி.யை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட். பரோடாவில் படித்த இந்தியர்.
* 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, விண்டோஸ் 98-ல் யூ.எஸ்.பி. ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை வந்து கணினி நின்றுவிட்டது. அரங்கமே சிரித்தது.
* 2006 ஜூலை 11-உடன் விண்டோஸ் 98-க்கான பாதுகாப்பு உதவிகள் நின்றன. எனவே அதை இணையத்தில் இணைக்காதீர்கள்.

இப்போது அந்த மழைக் கணக்கு மூன்று இடங்களில் இருக்கிறது: சாரின் மடிக்கணினி, அலுவலகக் கணினி, ஒரு பென் டிரைவ். ஒரு மாதத்தின் கணக்கை அச்செடுத்து இந்தத் தாளின் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். 'அளந்தவர்' என்ற கட்டத்தில் என் அம்மாவின் பெயர் ஒன்பது நாள் இருக்கிறது. அதை வீட்டில் காட்டியபோது அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த நாள் செம மழை, கொடை ஒடஞ்சு போச்சு" என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கணினி, ஃபிளாப்பி, சி.டி. கிடக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை உள்ளே பாருங்கள். ஓடவில்லை என்றால் கணினி அறைக்குக் கொண்டு வாருங்கள். மதிய இடைவேளையில் நானும் சாரும் அங்கேதான் இருப்போம். மழைமானியும் ஸ்டோர் ரூமில் கிடைத்துவிட்டது. ஜூன் முதல் மறுபடி அளக்கப் போகிறோம். யார் யார் வருகிறீர்கள்?

— 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு