வேட்டிக்கு ஒரு சட்டை, கில்ட்டுக்கு ஒரு சட்டை

ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் போன வாரம் ராத்திரி போன் போட்டான். கூட வேலை செய்கிறவருக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாரும் கில்ட் கட்ட வேண்டுமாம். வாடகைக்கு எடுத்தாயிற்று. "மாமா, இதுக்கு மேல என்ன சட்டை போடுறது? கடையில ஏழெட்டு மாதிரி காட்டுறாங்க. ஒண்ணும் புரியல."

நான் கில்ட்டை நேரில் பார்த்தவன் இல்லை. ஆனால் அக்காள்மடத்தில் இடுப்பில் துணியைச் சுற்றி, மேலே சட்டை போட்டு அறுபது வருஷம் வாழ்ந்தவன். "நாளைக்குச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததையும், ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்து எழுதிய குறிப்பு இது.

கீழே கட்டம் என்றால் மேலே வெற்று

கில்ட் என்பது கம்பளி நூலில் நெய்த கட்டம் போட்ட துணி. முழு கில்ட் ஒன்றுக்கு 8 கஜம் பிடிக்கும். நம்ம கணக்கில் 16 முழம், அதாவது இரண்டு எட்டு முழ வேட்டி! முன்பக்கம் தட்டையாக இருக்கும், பின்பக்கம் முழுக்க மடிப்பு. இவ்வளவு கட்டம் கீழே இருக்கும்போது மேலேயும் கட்டம் போட்டால் கண்ணுக்குத் தங்க இடமில்லை. அதனால் வெள்ளை, அல்லது லேசான சந்தன நிறத்தில் வெற்றுச் சட்டை.

இது நம்ம கடற்கரைக்குப் புதிது இல்லை. கட்டம் போட்ட குடியாத்தம் கைலிக்கு மேல் ஒற்றை நிறச் சட்டைதான் எடுக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. பகலில் முரட்டுக் கம்பளிக் கோட்டோடு கில்ட் கட்டுகிறவர்கள் மெல்லிய கோட்டுக் கட்டம் உள்ள சட்டை போடுவார்கள். கோட்டு பாதியை மறைத்துவிடுவதால் அது உறுத்தாது.

வேட்டிக்குக் கணக்கு தலைகீழ். கீழே வெற்று, ஆகவே மேலே எந்த நிறமும் போடலாம். பார்க்க வேண்டியது கரையைத்தான். சட்டை நிறம் கரையோடு ஒத்துப்போனால் போதும். கறுப்பு சிவப்புக் கரையை மட்டும் யோசித்துக் கட்டுங்கள். கல்யாண வீட்டில் சம்பந்தி உங்களைக் கட்சிக்காரர் என்று நினைத்து அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார்.

இன்னொன்று, எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை. சொட்டு நீலம் போட்ட பளிச்சென்ற சட்டையைப் பட்டு வேட்டிக்கு மேல் போட்டால், பட்டு பழுப்பேறிய மாதிரி தெரியும். பட்டுக்குச் சந்தன நிறமே சரி.

உள்ளே விடுவதா, வெளியே விடுவதா

வேட்டிக்கு மேல் சட்டை வெளியே தொங்கும். அதனால் அடி நேராக வெட்டியிருக்க வேண்டும், பக்கவாட்டில் சின்னப் பிளவு இருந்தால் உட்காரச் சுகம். நீளம் இடுப்புச் சொருகலை மூடினால் போதும். அதற்குமேல் நீண்டால், வேட்டியை மடித்துக் கட்டும்போது கீழே ஏதாவது கட்டியிருக்கிறோமா என்றே சந்தேகம் வரும்.

கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும், சட்டை உள்ளே போகும். எனவே சட்டையின் வால் நீளமாக இருக்க வேண்டும். அங்கே கல்யாணத்தில் ராத்திரி ஆட்டம் உண்டு. கையைத் தூக்கினால் குட்டைச் சட்டை வெளியே வந்துவிடும். கோட்டும் குட்டையாக வெட்டிய தனிக் கோட்டுதான். ஆபீஸ் கோட்டைப் போட்டால் பாதி கில்ட் மறைந்துபோகும்.

சட்டையைக் கோட்டுதான் தீர்மானிக்கும். பிரின்ஸ் சார்லி என்கிற ராத்திரி விருந்துக் கோட்டுக்கு வெள்ளை விருந்துச் சட்டை, வில் டை. ஆர்கைல் கோட்டுக்குச் சாதாரணக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை, நீள டை. கோட்டே வேண்டாம் என்றால், கழுத்தில் கயிறு கோர்த்துக் கட்டுகிற தளர்ந்த கைச் சட்டை ஒன்று உண்டு, பழங்காலத் தோற்றம் தரும். மற்றவர்கள் கோட்டு போட்டு நிற்கும் வரிசையில் அது எடுபடாது.

பை எங்கே?

வேட்டியில் பை இல்லை, கில்ட்டிலும் இல்லை. அவர்கள் அதற்காக முன்னால் ஸ்போரன் என்று ஒரு தோல் பையைத் தொங்கவிடுகிறார்கள். நமக்கு அந்த வேலையைச் செய்வது சட்டைப் பை. அதுவும் இல்லாவிட்டால் மடி, இல்லாவிட்டால் பட்டாப்பட்டியின் பை, இல்லாவிட்டால் பை வைத்த அகலப் பெல்ட். ஆகவே வேட்டிக்குச் சட்டை எடுக்கும்போது பையின் ஆழத்தைப் பாருங்கள். வள்ளத்தில் குனிந்தபோது போனைக் கடலுக்குக் கொடுத்தவன் சொல்கிறேன்.

துணி பருத்தியாக இருக்கட்டும். இந்த உப்புக் காற்றில் பாலியஸ்டர் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆட வருகிறவர்கள் மெல்லிய வெள்ளையைத் தவிர்க்கலாம். நனைந்தால் உடம்பு தெரியும். ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது, மாற்றுச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

தேர்ந்தெடுக்கவே முடியாத காலம்

படித்துக்கொண்டே போனபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 1746-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையைத் தடை செய்தது. ராணுவத்தினர் தவிர எந்த ஆணும் கட்டக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டாம் தடவை ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782-இல்தான் சட்டத்தை எடுத்தார்கள். இன்று மாப்பிள்ளைத் தோழன் வாடகைக்கு எடுக்கிற துணி அது.

நம்ம மாவட்டத்தில் தடை சட்டைக்கே இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி கட்டக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்கள் மேல் வன்முறை நடந்தது.

என் தாத்தா கருவாடு விற்கப் பாம்பனில் ரயிலேறி அக்கரைக்குப் போவார். ரோட்டுப் பாலம் 1988-இல்தான் வந்தது. ஒரு குறிப்பிட்ட ஊர் எல்லை வந்ததும் சட்டையைக் கழற்றிக் கருவாட்டுக் கூடைக்குள் வைத்துவிடுவாராம். திரும்பி ரயிலேறிய பிறகு போட்டுக்கொள்வாராம். "சட்டை பூரா கருவாட்டு வாடை அடிக்கும்டா" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த ஊர்ப் பேரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

அதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2014 ஜூலையில் சென்னையில் வேட்டி கட்டிய காரணத்துக்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை ஒரு கிரிக்கெட் கிளப்புக்குள் விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டது. வேட்டிக்காக யாரையும் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நீதிபதிக்கு நடந்ததால் சட்டம் வந்தது. கருவாட்டுக்காரருக்கு நடந்தபோது கூடைதான் இருந்தது.

மறுநாள் மருமகனுக்குச் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: வெற்று வெள்ளை, பருத்தி, முழுக்கை, நீள வால், நெஞ்சில் பை வேண்டாம். கோட்டு என்னவென்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு டை வாங்கு. கூடவே தாத்தா கதையையும் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த வருஷம் ஊருக்கு வரும்போது அந்த மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாறேன் மாமா. அவருக்கு ஒரு எட்டு முழம் எடுத்து வைங்க, சட்டையும் சேர்த்து" என்றான். அளவு கேட்டிருக்கிறேன்.