சாய்ப்பு இறக்கும் முன் ஒரு வார்த்தை

போன வாரம் சங்க வேலையாக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது ஒரு தம்பி ஓடி வந்து, "அண்ணே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

பழைய பலகை வீடு. இரண்டு அறை. தாத்தா, பாட்டி, மூன்று பிள்ளைகள். மூத்த பெண்ணுக்குப் பதினாலு வயசு. அதற்கு உடுப்பு மாற்றக்கூட ஒரு மறைவு இல்லை. "பின்னால பன்னிரண்டு அடிக்கு சாய்ப்பு இறக்கி, அடுப்படியைத் தள்ளிப் போட்டு, ஒரு அறை எடுக்கலாம்னு இருக்கோம். எட்டாயிரம் வெள்ளி ஆகுமாம். செய்யலாமாண்ணே?"

காப்பி இறங்கவில்லை எனக்கு. எங்க அப்பா இதைத்தான் செய்தார், 1991-இல். பால் வெட்டிவிட்டு வந்து, சாயங்காலம் பூராவும் சுத்தியலும் கையுமாக நிற்பார். சீட்டுப் பணம் பலகையாச்சு. அம்மாவின் தோடு தகரமாச்சு. தீபாவளிக்குப் புது அடுப்படியில் முறுக்கு சுட்டோம். லயமே வந்து பார்த்தது.

2004-இல் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். 1980-ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருசத்துக்கு 20 நாள் சம்பளம். அது வந்தது. சாய்ப்புக்கு என்ன என்று அப்பா கேட்டார். "வீடே உங்களுது இல்லையே, ஐயா" என்றார் கிராணி. அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வயித்தெரிச்சல். ஆணி அடித்த தகரம் கழற்றும்போது கிழிந்துதான் வந்தது. சிமெண்டுத் தரையை யார் தூக்கிப் போவது? கடைசியில் கதவு ஒன்றுதான் லாரி ஏறியது.

இதைச் சொன்னதும் தம்பியின் சம்சாரம் கேட்டார்: "அப்போ மழைக்கு ஒழுகுதே, அதுக்கு நாங்க என்ன செய்யிறது?"

நல்ல கேள்வி. ஒழுகும் கூரையும் கரையான் தின்ற பலகையும் உங்கள் செலவு இல்லையம்மா. 1990-ஆம் ஆண்டு குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம், அதாவது 446-ஆம் எண் சட்டம், தொழிலாளர் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. அதே சட்டம், அனுமதி இல்லாமல் வீட்டை நீட்டக்கூடாது என்றும் சொல்கிறது. மேனேஜர் வாயால் "சரி" என்றால் போதாது. இவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்கு அந்தச் "சரி" தெரியாது. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பதிலே இல்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம்.

அனுமதி கிடைத்தாலும் கழற்றிக் கொண்டுபோக முடிகிறதை மட்டும் போடுங்கள். தூணைக் கல் மேல் நிறுத்தி போல்ட்டு போட்டு முடுக்குங்கள். தகரத்துக்கு ஆணி வேண்டாம், திருகாணி. பழைய வீட்டுத் தூணில் பாரத்தை ஏற்றாதீர்கள். ஏற்கெனவே கரையான் பார்த்த மரம் அது. பழைய கூரையும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் தகரம் நன்றாக ஏறி மூடாவிட்டால் முதல் மழையிலேயே அடுப்பு அணையும்.

எட்டாயிரமும் இதற்கு ஆகாது. மிச்சத்தை வெளியே சொந்த வீட்டு முன்பணத்துக்கு வையுங்கள். சேமநிதியின் பழைய இரண்டாம் கணக்கு, 2024 மே முதல் 'செஜாத்திரா' கணக்கு என்கிறார்கள். வீடு வாங்க, கட்ட அதிலிருந்து எடுக்கலாம். இருக்கும் வீட்டைப் பெரிதாக்க எடுக்க முடியாது. சொந்த வீடு ஆன பிறகும், நகராண்மைக் கழகத்தில் பிளான் காட்டாமல் பின்பக்கம் கட்டி, பிறகு இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்து நிற்பவர்களைத் தாமான்களில் பார்க்கிறேன்.

தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. "பொண்ணுக்கு இப்போதைக்கு ஒரு மறைவு வேணுமேண்ணே" என்றார். நியாயம்தான். கூடத்து மூலையில் பிளைவுட் தடுப்பு ஒன்று, திருகாணி போட்டு. இருநூறு முந்நூறு வெள்ளிக்குள் முடிக்கப் பார்க்கலாம் என்றேன். அங்கேயே உட்கார்ந்து மேனேஜருக்குக் கடிதமும் எழுதினோம், இரண்டு பிரதி. அந்தப் பெண்தான் மலாயில் எழுதிக் கொடுத்தது. ஒரு பிரதி என் பையில் இருக்கிறது; வருகிற வெள்ளிக்கிழமை பதில் கேட்கப் போகிறேன்.