நிலத்தடி நீரில் குரோமியம்: ஐசோடோப்புகள் தரும் சான்று

தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் இயங்கிய ஒரு குரோமேட் இரசாயனத் தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஓர் இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் கசிந்தது. இத்தகைய இடங்களில் கிணற்று நீரில் குரோமியம் காலப்போக்கில் குறைந்து காணப்படுவதுண்டு. இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அளவு அதற்குக் கீழே இறங்கிவிட்டால் நஞ்சு முறிந்துவிட்டது என்று கொள்ளலாமா? மழைநீர் கலந்தாலும் அளவு குறையும். அப்போது நஞ்சு பரவியிருக்குமேயன்றி அழிந்திராது.

ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரைவது. புற்றுநோய் விளைவிக்க வல்லது. மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்களும் கரிமப் பொருள்களும் அதனை மூன்று இணைதிறன் குரோமியமாக ஒடுக்குகின்றன. இவ்வடிவம் நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. பெரும்பாலும் கரையாமல் மண்ணிலேயே படிந்துவிடும். ஆகவே, ஒடுக்கம் நிகழ்ந்ததா என்பதை அறிந்தாக வேண்டும்.

இயற்கைக் குரோமியத்தில் நான்கு நிலையான ஐசோடோப்புகள் உள்ளன. நிறை எண் 52 உடையது ஏறத்தாழ 84 சதவீதம். 53 உடையது 9.5 சதவீதம். ஒடுக்கத்தின்போது இலேசான 52 சற்று விரைந்து வினைபுரிவதால், நீரில் எஞ்சும் குரோமியத்தில் 53-இன் விகிதம் உயர்கிறது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இவ்வேறுபாட்டை ஆயிரத்துக்கு 3.4 அளவு என்று கண்டது. குரோமியமற்ற நீர் கலப்பதால் இவ்விகிதம் மாறுவதில்லை. அளவு குறைந்து, விகிதமும் உயர்ந்திருந்தால் ஒடுக்கம் நிகழ்ந்திருக்கிறது. விகிதம் மாறாதிருந்தால் ஐயத்திற்கு இடமுண்டு.

இதே குரோமியம் பூமியின் தொல்பழங்காலத்தையும் காட்டுகிறது. பாறையிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் நிலையை அடைய, ஆக்சிஜனால் உருவாகும் மாங்கனீசு ஆக்சைடுகள் தேவை. எனவே கடலடியில் படிந்த பண்டைய இரும்புப் பாறைகளில் காணும் விகித மாற்றம் அக்காலக் காற்றில் ஆக்சிஜன் இருந்ததைக் குறிக்கும். வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலைபெற்றது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். 2009-இல் வெளியான ஆய்வு அதற்கும் முன்பே அது அவ்வப்போது தலைகாட்டியிருக்கலாம் என்றது.

முறைக்கு எல்லைகளும் உண்டு. இரும்பு ஒடுக்கும்போதும் நுண்ணுயிர்கள் ஒடுக்கும்போதும் வேறுபாடு ஒரே அளவாக இராது. ஒடுங்கிய குரோமியத்தை மாங்கனீசு ஆக்சைடுகள் மீண்டும் நச்சு வடிவுக்குத் திருப்பவும் கூடும். ஆதலால் கழிவின் தொடக்க விகிதத்தையும் அந்தந்த இடத்து மண்ணையும் முதலில் ஆராய்ந்து வைத்தல் இன்றியமையாதது. கழிவை அகற்றிய பின்னர் அந்தத் தொடக்க விகிதத்தைப் பெறுவது கடினம்.