புதுச் செடியை அப்படியே மீன் தொட்டியில் போடலாமா?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு மீன் கடையில் சில வெள்ளி கொடுத்து ஒரு கட்டு நீர்ச்செடி வாங்கினால், செடி மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. நத்தை முட்டை, பாசி, சில வேளைகளில் பூச்சி மருந்தின் மிச்சமும் கூடவே வரும். மருந்துதான் பெரிய ஆபத்து. மீன்கள் தாங்கிக்கொள்ளும் சிறு அளவுகூட தொட்டியில் உள்ள இறால்களைக் கொன்றுவிடும்.

முதலில் ஈயப் பட்டையையும் வேரைச் சுற்றியுள்ள பஞ்சையும் நீக்கி, அழுகிய இலைகளைக் கிள்ளிவிட்டு, ஓடும் நீரில் அலச வேண்டும். இலையடியில் கண்ணாடிபோல் வழவழப்பாக ஒட்டியிருப்பது நத்தை முட்டை. நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைச் செடிகளை ப்ளீச் கரைசலில் முக்கலாம். வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு. 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பின்பு நன்கு அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் ஊற வைக்க வேண்டும். ப்ளீச் வாடை கொஞ்சம் இருந்தாலும் தொட்டிக்குள் விடக்கூடாது. மெல்லிய இலைச் செடிகள் இதில் வெந்துபோகும். அவற்றுக்கு மளிகைக் கடைப் படிகாரம் போதும்: சுமார் 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி, 2 அல்லது 3 மணி நேரம். ஆனால் முட்டைகள் இதற்குத் தப்பக்கூடும். செடிக்குள் ஊறிய பூச்சி மருந்தும் போகாது.

எனவே 2 முதல் 4 வாரம் வரை செடியைத் தனி வாளியில், வெளிச்சத்தில் வைத்து, அடிக்கடி நீர் மாற்றுவதே நம்பகமான வழி. பொரித்த நத்தைகள் அதற்குள் கண்ணில் பட்டுவிடும்.

வீட்டு முன் தேங்கிய நீருள்ள வாளி ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில் என்பதை மறந்துவிட வேண்டாம். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கி அபாயம் ஒருபுறம். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் மறுபுறம். ஆகவே 4 நாளுக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். நெருக்கமான வலையால் மூடுவது இன்னும் நல்லது.

கழித்த தண்டுகளைக் கால்வாயில் வீசக்கூடாது. பகாங் தாசேக் சினி ஏரியை அடைத்துக்கொண்ட கபோம்பா, மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் செடிதான். வெயிலில் நன்கு காய வைத்து, பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும்.