‘ஆல்’ இல்லாத ஊரில் ‘ஈயா’

ஓசூரைத் தாண்டி தேசிய நெடுஞ்சாலை 44-இல் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் அத்திபெலே. அங்கே பஸ் ஏறுகிறவர்களில் ஒருவர் “இப்ப வந்தா சீட் கிடைக்கும்” என்பார். இன்னொருவர் கன்னடத்தில் “பந்தரெ” என்பார். மூன்றாமவர் தெலுங்கில் “வஸ்தே” என்பார். மூன்றிலும் நிபந்தனை வினையின் வாலில்தான் தொங்குகிறது. ‘வந்தால்’ என்பதைப் பிரித்தால் உள்ளே இருப்பது இறந்தகால அடி. வரப்போகிறவரைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் ‘வந்த்’! கன்னடத்து ‘பந்தரெ’யும் இதே கதை.

ஸ்பானிஷ் வேறு வழி போகிறது. ‘ஸி’ என்ற சிறு சொல் நிபந்தனைக்கு முன்னால் நிற்கும். விளைவைச் சொல்லும் வினையும் உருமாறும். ‘கொம்ப்ரார்’ என்றால் வாங்குதல். அந்த முழுச் சொல்லின் பின்னால் ‘ஈயா’ சேர்த்தால் ‘கொம்ப்ரரீயா’: வாங்குவேன், ஆனால் இப்போது வழியில்லை. எல்லா வினைக்கும் விகுதி ஒன்றே. ஒரு டஜன் வினைகளில் மட்டும் அடி கொஞ்சம் நெளியும். ‘வெனீர்’ (வருதல்) ‘வென்த்ரீயா’ ஆவது அப்படி. இந்த ‘ஈயா’, ‘உடைய’ என்ற பொருள்தரும் லத்தீன் வினையின் இறந்தகால வடிவம் தேய்ந்து மிஞ்சியது. ஆக, நடக்காததைச் சொல்ல இறந்தகாலத்தைக் கடன் வாங்குவதில் அவர்களும் நம்மைப் போலத்தான்.

ஸ்பானிஷ் கற்கும் நம்மவருக்குச் சிக்கல் வருவது இங்கே. “காசு இருந்தா வாங்குவேன்” என்று ஒருவர் சொன்னால், காசு வரக்கூடுமா, வரவே வராதா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பானிஷ்காரர் அதை இலக்கணத்திலேயே பிரித்துவிடுவார். வரக்கூடுமென்றால் “ஸி தெங்கோ” (என்னிடம் இருந்தால்), பின்னால் சாதாரண எதிர்காலம். வெறும் கற்பனை என்றால் “ஸி துவியெரா”, பின்னால் ‘கொம்ப்ரரீயா’. ‘ஸி’க்குப் பக்கத்திலேயே ‘ஈயா’வை வைத்தால் ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுப்பார். வட ஸ்பெயினில் பாஸ்க் நாட்டுப் பக்கம் அந்தந்த ஊர்க்காரர்களே “ஸி தென்த்ரீயா” என்று பேசுவது வேறு விஷயம்.

மரியாதைக்கும் இந்த ‘ஈயா’ வடிவம்தான். பஸ்ஸில் நாம் “கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா நல்லாருக்கும்” என்று நிபந்தனையில் கேட்கிறோம். ஸ்பானிஷ்காரர்கள் நிபந்தனைப் பகுதியை விழுங்கிவிட்டு “பொத்ரீயா…” (முடியுமா) என்று தொடங்குவார்கள். கடந்த நேரத்தை ஊகிக்கவும் இதையே எடுப்பார்கள்: “செரீயான் லாஸ் த்ரேஸ்”, அப்போது மணி மூன்று இருந்திருக்கும்.