சோன்கி பூக்கும் மலை

வெள்ளிக்கிழமை பூஜைக்கு மார்க்கெட் யார்டில் நாம் வாங்கும் ஆஸ்டர், பூர்வீகத்தில் சீனத்துப் பூ. அதே குடும்பத்துக் காட்டுப் பூ ஒன்று நம் புனேயைச் சுற்றிலும் உண்டு. மராத்தியர் அதைச் சோன்கி என்பார்கள். 'சோனே' என்றால் தங்கம், நிறமும் அதுவே.

ரயில்வேயில் இருந்தபோது, 1863-இல் திறந்த போர்காட் மலைப்பாதையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம், வண்டி மெல்லத்தான் ஏறும். மழை ஓய்ந்த செப்டம்பரில் பாறை விளிம்பெல்லாம் மஞ்சள். ஒரு பூ என்று நாம் நினைப்பது சிறு பூக்களின் கூட்டம். ஓரத்து 'இதழ்' ஒவ்வொன்றும் ஒரு பூ, நடுப்புள்ளிகளும் அப்படியே.

மேற்குத் தொடர்ச்சி மலையே இதன் சொந்த ஊர். சாதாரா அருகில் காஸ் பீடபூமி 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே பார்வையாளருக்கு வரம்பு உண்டு. சிங்ககட் சரிவில் பூவுக்குக் காவல் யார்?

வீட்டுச் சாமந்தியைப் பறித்தாலும் அடிவேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். சோன்கி ஓராண்டுச் செடி. பாறைமேல் சில அங்குல மண்ணில் முளைத்து, விதை தூவிக் காய்ந்துவிடும். விதைக்குமுன் மிதித்தால் அந்த இடத்தில் அடுத்த வருஷம் பூ குறையும். நம் சங்கத்துக் குடும்பங்கள் படம் எடுக்கப் பூவுக்குள் உட்கார வேண்டாம். பாதையில் நின்றாலே அழகாக விழும். ஞாயிறு மட்டும் தவிருங்கள், ஏகப்பட்ட கூட்டம்.